காதுக்குள் இரையும் கடல்

திருகோணமலையில் வாழ்வோருக்கு இரைச்சல் புதியதொன்றன்று. கடலை அணைத்துக்கொண்டு கிடக்கும் நகரம் எமது. வாடைக்காற்று வீசும் மார்கழி மாதத்தில் டச்சுக்குடாவின் அலைகள் வீட்டு வாயிலில் நின்று பேசுவன போலத் தோன்றும். கோணேசர் ஆலயத்து மணியோசை, துறைமுகத்துக் கப்பலின் ஊதல், கொழும்புக்குப் புறப்படும் இரவுப் புகைவண்டியின் கூவல், விடியுமுன் கடலுக்குச் செல்லும் இயந்திரப் படகுகளின் படபடப்பு ஆகிய இவையெல்லாம் எமது நாளின் மணிக்கூடுகள். இவற்றின் நடுவே பிறந்து, இவற்றின் நடுவே நித்திரை செய்து வளர்ந்தவர்கள் நாம்.

ஆயினும், ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இரவு எமக்குப் புதியதோர் ஓசை கேட்டது. அன்று உறவினர் வீட்டு வைபவமொன்றில் வருவோரை வரவேற்கும் பொறுப்பு எமக்கு. வாயிலின் இரு பக்கமும் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள். அவற்றின் அருகிலே நான்கு மணி நேரம் நின்றோம். வீடு திரும்பிப் படுக்கையிற் சாய்ந்ததும் சில்வண்டு ஒன்று இடைவிடாது கத்துவது போன்ற ஓசை எழுந்தது. யன்னலைத் திறந்து முற்றத்தைப் பார்த்தோம். துணைவியாரை எழுப்பி, “உமக்கும் கேட்கிறதா?” என்று வினவினோம்.

“எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே. பேசாமல் படுங்கோ” என்றார் அவர்.

அப்பொழுதுதான் அந்த வண்டு முற்றத்தில் இல்லை, எம் காதுக்குள்ளேயே இருக்கிறது என்பதை உணர்ந்தோம். காலையில் போய்விடும் என்று எண்ணினோம். அது போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

பகலில் அதன் நினைவே எழாது. வகுப்பறையில் நாற்பது மாணவரின் ஆரவாரம் அதனை மூடிவிடும். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்ததும் அது தன் இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும். அமைதி கிடைத்தால் உறங்கிவிடலாம் என்று எண்ணி யன்னல்களை இறுக மூடினோம், மின்விசிறியை நிறுத்தினோம், சுவர்க்கடிகாரத்தை அடுத்த அறைக்கு அனுப்பினோம். அறை அமைதியாக ஆக, ஓசை உரத்தது. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று மணியை எண்ணிக்கொண்டு கிடப்போம். “இன்னும் நான்கு மணி நேரந்தான் இருக்கிறது, இப்பொழுது உறங்காவிட்டால் நாளை எவ்வாறு கற்பிப்பது?” என்ற கணக்கு, வர இருந்த நித்திரையையும் விரட்டிவிடும்.

இரண்டு மாதம் இவ்வாறு கழிந்தது. தவணைப் பரீட்சை நாளொன்றில் மண்டபத்தை மேற்பார்வை செய்யவேண்டிய நாம், கதிரையில் அமர்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டோம். விழித்தபோது மாணவி ஒருத்தி மேலதிகத் தாள் கேட்பதற்காக, எம்மை எழுப்பத் துணியாமல் மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாளோ அறியோம். அவள் இழந்த நிமிடங்களைத் திருப்பிக் கொடுக்க எம்மால் இயலாது. உத்தியோகத்தை விட்டுவிடலாமா என்று நாம் முதன்முறையாக எண்ணியது அன்றுதான். வைத்தியரை நாடியதும் அந்த வெட்கத்தினாலேயே.

வைத்தியர் காட்டிய வரைபடம்

காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் ஒருவர் எம் காதுகளை நோக்கிய பின் கேட்டற் சோதனை செய்வித்தார். அதன் வரைபடத்தில் கோடு நேராக வந்து, செக்கனுக்கு 4,000 அதிர்வுள்ள உயர்ந்த சுருதியில் ஒரு பள்ளத்தில் இறங்கி, மீண்டும் ஏறியிருந்தது. பேரோசையாற் பழுதுபட்ட காது பெரும்பாலும் இவ்வாறே எழுதும் என்றார். அவர் விளக்கியதையும் பின்னர் நாம் கற்றதையும் இங்கே சுருக்கித் தருகிறோம்.

எமது உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதனுள்ளே ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. காற்றின் அதிர்வை நரம்பின் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புபவை அவையே. பேரோசையாலும் முதுமையாலும் சில மருந்துகளாலும் அவை மடிகின்றன. பறவைகளுக்கு இக்கலங்கள் மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை.

ஒரு பகுதியிலிருந்து செய்தி குறைந்தால் மூளை வாளா இருப்பதில்லை. நிலையம் அகப்படாத இடத்தில் வானொலியின் ஒலியை நாம் கூட்டுகிறோம் அல்லவா? அப்பொழுது நிலையம் வருவதில்லை, ‘உஸ்’ என்ற இரைச்சலே வருகிறது. மூளையும் அவ்வாறே தன் உணர்திறனைக் கூட்டுகிறது என்றும், அதனால் எழும் நரம்பின் சலசலப்பே எமக்கு ஓசையாகக் கேட்கிறது என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். இதற்கு மேல்நாட்டு வைத்தியர் வைத்த பெயர் டினிட்டஸ். நம்மவர் எளிமையாகக் ‘காது இரைகிறது’ என்பர்.

இது பைத்தியத்தின் அறிகுறியன்று, மரணத்தின் அறிகுறியுமன்று. 1953 இல் அமெரிக்காவில் ஹெல்லர், பேர்க்மன் என்னும் இருவர் செவிக்குறை ஏதுமற்ற 80 பேரை, வெளியோசை புகாத அறையில் ஒவ்வொருவராகச் சில நிமிடம் இருத்தினர். அவர்களுள் நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஓர் ஓசை கேட்டதாகக் கூறினர்! பூரண அமைதியில் பெரும்பாலோர் காதும் இரையும் என்பது இதனாற் புலனாகும். 2022 இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்றின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர் இதனை அனுபவித்துள்ளனர். ஆனால் அதனாற் கடுந்துன்பம் அடைவோர் நூற்றுக்கு இருவர் அளவினரே.

இந்த இடத்தில் ஒரு வினா எழுகிறது. ஒரே ஓசை பலருக்கு வெறும் ஓசையாகவும் சிலருக்குப் பெருந்துன்பமாகவும் இருப்பது ஏன்? விடையை எம் ஊரிலேயே கண்டோம். அதனைச் சொல்லுமுன் இந்நோயின் பழைமையைச் சிறிது நோக்குவோம்.

முன்னோர் அறிந்த ஓசை

சுசுருத சங்கிதை காதிற் பிறக்கும் நோய்கள் 28 என எண்ணி, அவற்றுள் ஒன்றாகக் கர்ணநாதத்தையும் வைத்திருக்கிறது. மறுபுறம், ஹடயோகப் பிரதீபிகை என்னும் நூல், காதுகளை மூடி உள்ளே எழும் நாதத்தில் மனத்தை நிறுத்தும் யோகியரைப் பற்றிப் பேசுகிறது. கடலோசை, பேரிகை, சங்கு, மணி, குழல், வண்டு என அவர்கள் கேட்டதாக அது கூறும் நாதங்களை வாசித்தபோது வியப்படைந்தோம். யோகியின் நாதமும் நோயாளியின் இரைச்சலும் ஒன்றென்று நாம் சொல்லத் துணியோம். ஆயினும், உள்ளே எழும் ஓசைக்கு அஞ்சாமலும் ஒருவர் இருக்கலாம் என்பது அதனால் விளங்கியது.

இசைமேதை பேத்தோவன் 1801 இல், தம் முப்பதாவது வயதில், வைத்தியரான நண்பர் வேகலருக்கு எழுதிய கடிதத்தில், தம் காதுகள் இரவும் பகலும் இரைவதைக் கூறி வருந்தினார். அவருடைய ஒன்பது சிம்பொனிகளுள் எட்டு அக்கடிதத்திற்குப் பின்னரே நிறைவுற்றன என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

எமது நாட்டுக்கு இன்னொரு பழைய தொடர்பும் உண்டு. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையை உலுக்கிய மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து, கொயினா என்று சனங்கள் வழங்கிய குயினின். அதனை மிகுதியாக உட்கொண்டால் காது இரையும். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. கொயினாவின் காலம் இங்கே கழிந்துவிட்டது. ஆனால் பெரும் அளவில் உட்கொள்ளும் அஸ்பிரினும் காதை இரையச் செய்ய வல்லது. வைத்தியரைக் கேளாமல் மாத்திரை விழுங்குவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

எம் ஊரின் பேரோசைகள்

இத்துறைமுகம் பெரிய ஓசைகளைக் கேட்ட துறைமுகம். 1942 ஏப்ரில் 9 ஆந் திகதி காலை யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசின. கரையிலிருந்த பீரங்கிகள் பதில் முழங்கின. விமானம் மோதி எரிந்த சீனக்குடா எண்ணெய்க்குதம் ஒன்றின் சிதைவை இன்றும் காணலாம். 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் வெடியோசை கேளாத வீடு இங்கே அரிது. வெடியோசை காதுக்குச் செய்யும் தீங்கு சிறிதன்று: அமெரிக்காவில் முன்னாட் படையினர் இழப்பீடு பெறும் குறைபாடுகளுள் காதிரைச்சலே முன்னணியில் நிற்கிறது.

போர் ஓய்ந்த பின்னும் எம்மைச் சுற்றி ஓசைகள் உண்டு. நாள்தோறும் இயந்திரத்தின் அருகே அமர்ந்து படகு ஓட்டுவோர், கப்பலின் இயந்திர அறையிலும் ஆலைகளிலும் வேலை செய்வோர், அமுக்கம் மிகுந்த ஆழத்தில் மூழ்கிச் சங்கும் கடலட்டையும் எடுப்போர், சட்டத்தை மீறி வெடிவைத்து மீன் பிடிப்போர் ஆகிய இவர்கள் அனைவரின் காதுகளும் ஆபத்தில் உள்ளன. இவர்களோடு, கைத்தொலைபேசியின் பாட்டை நேரே காதுக்குள் ஊற்றிக்கொள்ளும் எம் மாணவரையும் சேர்க்கவேண்டும்.

85 டெசிபெல் அளவான ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்டல் ஆகாது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் காலம் பாதியாகக் குறையும். கணக்கிட்டுப் பாருங்கள்: 100 டெசிபெல் ஆனால் 15 நிமிடமே! நாம் அன்று வைபவத்தில் நின்றதோ நான்கு மணி நேரம். ஒரு முழத் தூரத்தில் நிற்பவருடன் உரத்துக் கத்திப் பேசவேண்டியிருந்தால் அவ்விடம் காதுக்கு உகந்ததன்று என்பது எளிய அளவுகோல்.

அலையும் அச்சமும்

இனி, முன்னர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியபோது நாம் இருபதுகளில் இருந்தோம். கடல் எம் வீட்டு முற்றம்வரை வந்து திரும்பியது. எம் உயிர்கள் தப்பின. அயலிலே தப்பாதவர் பலர். சில கிழமை உறவினர் வீட்டில் தங்கியிருந்து, பின்னர் வீடு திரும்பினோம். முதல் இரவு ஒருவரும் உறங்கவில்லை. அன்னையார் திண்ணையில் அமர்ந்து அலையோசையைக் கேட்டபடியே விடியும்வரை விழித்திருந்தார். அது அவரைத் தாலாட்டிய அதே அலை. அதன் ஓசை ஒரு துளியும் கூடவில்லை. அன்றுவரை ‘உறங்கு’ என்று சொன்ன ஓசை, அன்றுமுதல் ‘ஓடு’ என்று சொல்லத் தொடங்கியது. அவ்வளவுதான்.

பல மாதம் சென்றன. ஒவ்வோர் இரவும் அலை இரைந்தது. ஒவ்வொரு காலையும் தீங்கின்றி விடிந்தது. எந்த நாளில் என்று சொல்ல இயலாது, அன்னையார் மீண்டும் உறங்கத் தொடங்கினார். யாரும் கடலை அமைதிப்படுத்தவில்லை. அவர் மனமே காவலை விட்டது.

காதிரைச்சலும் இவ்வாறானதே. போலந்திற் பிறந்த ஆராய்ச்சியாளர் பாவெல் ஜஸ்ட்ரெபோவ் 1990 இல் வெளியிட்ட கருத்தின் சாரம் இது: ஓசையின் அளவு துன்பத்தைத் தீர்மானிப்பதில்லை, அதனை ஆபத்தென்று மூளை குறித்துக்கொள்வதே துன்பத்தைத் தருகிறது. ஆபத்தென்று குறித்த ஓசையை மூளை கண்காணிக்கும். கண்காணிக்கும் மூளை உறங்காது. உறங்காதவனுக்கு ஓசை மேலும் உரத்துக் கேட்கும். இந்தச் சக்கரத்தின் ஏதாவதோர் இடத்தில் கட்டையிட்டு நிறுத்தினாற் போதும்.

இதனை நாம் நூலிற் படிக்குமுன்பே முதியவர் ஒருவர் எமக்குச் சொல்லியிருந்தார். உறக்கமற்ற இரவொன்று விடியும் வேளையில் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, வலை திருத்திக்கொண்டிருந்த அவரிடம் எம் குறையைக் கூறினோம். முப்பது ஆண்டு இயந்திரப் படகு ஓட்டியவர் அவர். சிரித்தார்.

“என்ர காதுக்குள்ளயும் ஒரு எஞ்சின் ஓடுது மாஸ்டர். அது தன்ர பாட்டுக்கு ஓடட்டும் எண்டு விட்டிட்டன். நான் என்ர பாட்டுக்குப் படுக்கிறன்.”

நித்திரைக்கு வழி

வைத்தியரின் அறிவுரையால் எமக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறோம். முதலாவது, ஓசை எழுந்தால் ஒருமுறையேனும் வைத்தியரைக் காணவேண்டும். ஒரு காதில் மட்டும் இரைந்தால், நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்தால், தலைச்சுற்றல் இருந்தால் தாமதியாது செல்க. கேள்வி திடீரெனக் குறைந்தால் அன்றே செல்க. அதற்குரிய சிகிச்சை தொடக்க நாட்களிலேயே பலனளிக்கும். சில வேளை காதழுக்கே காரணமாயிருக்கும். அதனை நீக்க ஓசை நீங்கும். காய்ச்சிய எண்ணெய் விடுவதும் குச்சியாற் குடைவதும் வேண்டாம்.

இரண்டாவது, பூரண அமைதியைத் தேடாதீர்கள். நாம் யன்னலை மூடியதே பிழை. யன்னலைத் திறந்துவைக்கும்படி வைத்தியர் கூறியபோது எமக்கு நகைப்பு வந்தது. அன்று முதல் அலையோசை அறைக்குள் வந்தது. மின்விசிறி மீண்டும் சுழன்றது. கடல் இல்லாத ஊரில் வானொலியை மிக மெல்லிதாக வைத்தலும் தகும். புறவோசை உள்ளோசையை முற்றாக மூழ்கடிக்க வேண்டியதில்லை. இரண்டும் கலந்து கேட்குமாறு, அதனிலும் சற்றுத் தாழ்ந்திருந்தாற் போதும். கேள்விக்குறை உடையோர்க்குச் செவித்துணைக் கருவியே ஓசையை அடக்குவதும் உண்டு.

மூன்றாவது, படுக்கையைப் போர்க்களமாக்காதீர்கள். ரிச்சட் பூட்சின் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1972 இல் வகுத்த முறை எளிது. நித்திரை வந்தபோது மட்டும் படுத்தல். ஏறத்தாழ இருபது நிமிடத்தில் உறங்காவிடில் எழுந்து வேறிடத்தில் அமர்தல். கண் சோர்ந்தபின் திரும்புதல். எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுதல். பகல் நித்திரையைத் தவிர்த்தல். முதற் பத்து நாட்கள் எமக்கு மிகக் கடினமாயிருந்தன. கச்சான் காற்று அனலாய் வீசும் காலம் அது. மதிய உணவின்பின் கண் தானே மூடும். துணைவியார் எம்மை உட்காரவிடாது கடைக்கு அனுப்புவார். மாலைத் தேநீரையும் நிறுத்தினார். மணி பார்க்கும் வழக்கத்தை ஒழிக்கக் கைத்தொலைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டியவரும் அவரே. மூன்றாம் கிழமை ஓர் இரவு, விளக்கணைத்தது நினைவிருந்தது. அடுத்து நினைவுக்கு வந்தது விடியற்காலத்துக் கோயில் மணி.

இம்முறைகளையும், “இனி என் வாழ்வு கெட்டது” என்பன போன்ற எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் பயிற்சியையும் சேர்த்து, அறிகை நடத்தைச் சிகிச்சை என அழைப்பர். காதிரைச்சலால் விளையும் துன்பத்தைக் குறைப்பதில் நல்ல சான்றுள்ள வழி இதுவே. நாட்பட்ட நித்திரையின்மைக்கும் மாத்திரைக்கு முன்னர் இதனையே முதலில் அளிக்கவேண்டுமென 2016 இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி பரிந்துரைத்தது. ஓசையை முற்றாக அழிக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வோரை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். அத்தகைய மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. துன்பம் மிகுந்து வாழ்வே வெறுத்ததென்ற எண்ணம் எழுமாயின், அதனை வீட்டாரிடமும் வைத்தியரிடமும் அன்றே சொல்லவேண்டும். பிறர் காதுக்குக் கேளாத நோயாகையால், சொன்னாலன்றி எவரும் அறியார்.

வீட்டாருக்கும் ஒரு சொல். “அதை நினையாதே” என்று கூறுவதாற் பயனில்லை. நினையாதே என்றால் நினைவே பெருகும். “கேட்கிறதா? கேட்கட்டும், தேநீரில்லை, வெந்நீர் தரட்டுமா?” என்று எம் துணைவியார் கேட்பார். அதுவே எமக்குப் பெரிய மருந்தாயிற்று.

மாணவர்களே, உங்களுக்கு எமது வேண்டுகோள் இது. கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. ஆகையால் அதனைக் காக்கும் வேலை உங்களுடையது. பாட்டின் ஒலியைக் குறையுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டியை விட்டு விலகி நில்லுங்கள். இழந்த மயிர்க்கலத்தை எந்த வைத்தியராலும் மீட்டுத்தர முடியாது.

இதனை எழுதி முடிக்கும் இவ்வேளை இரவு பத்து மணி. சில்வண்டு எம் காதுக்குள் இருக்கிறது. அதைப் பற்றி எழுதியதனால் இன்று சற்று உரத்தே ஒலிக்கிறது. யன்னல் திறந்திருக்கிறது. டச்சுக்குடாவில் அலை அடிக்கிறது. அடுத்த அறையில் முதுமையுற்ற அன்னையார் அவ்வலையைக் கேட்டபடி நன்றாக உறங்குகிறார். நாளை பரீட்சை மேற்பார்வை உண்டு. நாமும் விளக்கை அணைக்கப் போகிறோம்.